வினாடி வினா வளர்ந்த வரலாறு

நம் இலக்கண நூலாகிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் முதலில் நிற்பவை இரண்டு: அறிவினா, அறியா வினா. விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிவாரா எனச் சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. விடை தெரியாமையால், தெரிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியா வினா. வகுப்பறையில் ஆசிரியர் கேட்பது முன்னது. மாணவன் எழுந்து நின்று கேட்பது பின்னது. பள்ளிப் பருவத்தில் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்தவுடன் நாம் மறந்துவிட்ட இப்பாகுபாட்டை இன்று மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர ஒரு காரணம் உண்டு. உலகெங்கும் பரவியுள்ள ஒரு விளையாட்டின் இயல்பை இதைவிடத் தெளிவாக விளக்குவது வேறொன்றுமில்லை. வினாடி வினா என்று நாம் வழங்கும் பொது அறிவுப் போட்டியே அவ்விளையாட்டு.

வினாடி வினா முழுவதும் அறிவினாவால் ஆனது. கேட்பவரிடம் விடை இருக்கிறது. ஆகவே அதிகாரமும் இருக்கிறது. எதைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, எந்த விடையைச் சரியென்று ஏற்பது என்பன யாவும் அவர் கையில் உள்ளன. இந்த அதிகாரம் நேர்மையாக நடந்த காலமும் உண்டு. நெறி தவறிய காலமும் உண்டு. சிலருக்கு மட்டும் கதவைத் திறந்த காலமும், பலருக்கும் திறந்த காலமும் உண்டு. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், வீட்டில் ஒரு மொழியுமாக வளர்கின்றனர். அவர்கள் அறிந்தவற்றுள் எது பொது அறிவு என மதிக்கப்படுகிறது, எது மதிப்பின்றி விடப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் இப்போட்டியைக் குறிக்கும் 'க்விஸ்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் நாடகக் கொட்டகை நடத்திய ரிச்சர்டு டேலி என்பவர், பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே இரவில் ஊர் முழுவதும் பேசச் செய்வதாகப் பந்தயம் கட்டினாராம். ஆட்களை ஏவி, சுவர்தோறும் அச்சொல்லை எழுதச் செய்தாராம். பொழுது விடிந்ததும் ஊரார் அனைவரும் 'இது என்ன?' என்று ஒருவரையொருவர் கேட்க, பந்தயத்தில் வென்றாராம். இது 1791-இல் நடந்ததாகச் சொல்வார்கள். கதை சுவையானதே, ஆனால் அந்தச் சொல் 1780-களிலேயே ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. அப்போது அது விசித்திரப் போக்குடைய ஒருவரைக் குறித்தது. கேள்வி கேட்டுச் சோதித்தல் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் ஏறிற்று. ஆக, வினாடி வினாவின் பெயரைப் பற்றியே ஒரு வினாத் தொடுத்தால், பலரும் உடனே சொல்லும் விடை தவறான விடையாக முடியும். இவ்விளையாட்டில் அடிவைப்போர் அனைவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

சில்லறைச் செய்திகளைக் குறிக்கும் 'டிரிவியா' என்ற சொல்லின் வரலாறு நமக்கு மேலும் அணுக்கமானது. இலத்தீன் மொழியில் 'டிரி' என்பது மூன்று. 'வியா' என்பது வழி. மூன்று வழிகள் கூடுமிடம், அதாவது நம்முடைய முச்சந்தி. முச்சந்தியில் கிடைப்பது எவருக்கும் கிடைப்பது. ஆகவே அற்பமானது என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. எனினும் முச்சந்தி அற்பமான இடமன்று. பல ஊர்ச் செய்திகளும் சந்திக்கும் இடம் அதுவே அன்றோ!

நம் மொழியில் 'வினாடி வினா' என்பது ஓசை நயம் பொருந்திய ஆக்கம். இன்று பேச்சு வழக்கில் வினாடி என்பது கடிகாரத்தின் நொடியைக் குறிக்கிறது. பஞ்சாங்கக் கணக்கோ வேறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. அவ்வாறாயின் ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு விநாடி 24 நொடி. ஒரு வினாவைக் கேட்டு, எண்ணிப் பார்த்து, விடை கூற இஃது ஏறக்குறையப் போதுமான காலமே.

முன்னோர் அவையில்

வினாவைப் போட்டியாக்கியது இக்காலத்தார் அல்லர். விடுகதையைப் 'பிசி' என்ற பெயரால் தொல்காப்பியம் செய்யுள் வகைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. மகாபாரதத்தின் ஆரணிய பருவத்தில், பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்க, யக்ஷனின் வினாக்களுக்குத் தருமர் ஒருவரே நின்று விடை கூறுகிறார். வில்லிபாரதத்தில் இப்பகுதி நச்சுப் பொய்கைச் சருக்கம் எனப் பெயர் பெறும். அங்கே பரிசாக வைக்கப்பட்டது ஓர் உயிர். எந்தத் தம்பி எழ வேண்டும் எனக் கேட்டபோது, தன் தாய் வயிற்றுத் தம்பியர் இருவரையும் விடுத்து, மாத்திரியின் மகனாகிய நகுலனைத் தருமர் கேட்டார் என்பது நாம் அறிந்ததே. அறிவைச் சோதித்த வினாக்கள் முடிந்த பின் வந்த அந்த வினா, அறத்தைச் சோதித்தது.

பிற்காலத்தில் அவதானம் என்னும் கலை ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வளர்ந்தது. அவதானி ஒருவர் அவை நடுவே அமர்வார். சுற்றிலும் இருப்போர் ஒருவர் பின் ஒருவராகத் தாக்குவர். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குத் தருவார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருவர் முதுகில் எறியும் கற்களை அவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வாறு நூறு செயல்களை ஒருங்கே கவனிப்பவர் சதாவதானி. நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார்.

இவ்வவைகளுக்கும் இன்றைய போட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவதானத்தில் கேட்பவர் பலர். விடை சொல்பவர் ஒருவர். வினாடி வினாவில் கேட்பவர் ஒருவர். விடை சொல்லத் துடிப்பவர் பலர். ஒருவர் கேட்பதைப் பல இலட்சம் பேர் ஒரே நேரத்தில் செவிமடுக்கும் வசதி வந்த பின்னரே இப்புதிய விளையாட்டு வேரூன்றிற்று. அவ்வசதியை அளித்தது வானொலி.

வானொலி வளர்த்த விளையாட்டு

அமெரிக்க வானொலியில் 1936-இல் 'புரொபசர் க்விஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. வானொலி வினாடி வினாக்களின் முன்னோடியாக அதனைக் கூறுவர். இரண்டாண்டுகள் கழித்து, 1938-இல், 'இன்பர்மேஷன் பிளீஸ்' என்றொரு நிகழ்ச்சி வந்தது. அதன் அமைப்பு சிந்திக்கத் தக்கது. அங்கே வினாத் தொடுத்தவர்கள் நேயர்கள்; விடை கூற வேண்டியவர்கள் அறிஞர்கள். கேள்வி ஏற்கப்பட்டால் நேயருக்கு ஒரு சிறு தொகை. அறிஞர்கள் திணறினால் அதனினும் பெரிய தொகை. பின்னாளில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதி முழுவதும் பரிசாயிற்று. கிளிப்டன் பாடிமன் நடத்திய இந்நிகழ்ச்சி 1951 வரை நீடித்தது. ஊர் பேர் தெரியாத ஒரு நேயர், பெயர் பெற்ற அறிஞரைத் திகைக்க வைக்கலாம். கேட்கும் அதிகாரம் கைமாறியது. பாமரரும் அறிஞரும் சமமாக நின்றனர். இங்கிலாந்தில் பி.பி.சி. 1941-இல் தொடங்கிய 'பிரெய்ன்ஸ் டிரஸ்ட்' நிகழ்ச்சியும் நேயர் வினாக்களையே நம்பி நடந்தது.

பொது அறிவின்மேல் மக்களுக்கு இருந்த இத்தகைய ஆவலே உலகப் புகழ் பெற்ற ஒரு நூலையும் பிறப்பித்தது. கின்னஸ் மதுவடிசாலையின் தலைவர் சர் ஹியூ பீவர் 1951-இல் அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்றிருந்தார். ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் மிக விரைந்து பறப்பது எது என்ற வாதம் எழுந்தது. உப்புக்கொத்தி இனத்துப் பறவையா, காட்டுக்கோழி இனத்துப் பறவையா எனத் தீர்த்துச் சொல்ல எந்தப் புத்தகமும் உதவவில்லை. இத்தகைய வாதங்கள் ஒவ்வொரு மதுச்சாலையிலும் நாள்தோறும் நடக்குமே என்று அவர் எண்ணியதன் பயனாக, கின்னஸ் சாதனை நூலின் முதற்பதிப்பு 1955-இல் வெளிவந்தது. ஓர் அறியா வினாவுக்கு விடை கிடைக்காததால் உண்டான நூல், பிறகு பல்லாயிரம் அறிவினாக்களுக்கு ஊற்றாயிற்று.

நெறி தவறிய கதை

வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தபோது பரிசுத் தொகை பெருகியது. பரிசு பெருகவே சோதனையும் வந்தது. அமெரிக்காவில் 1956-இல் 'டுவென்டி ஒன்' என்ற போட்டி ஒளிபரப்பாயிற்று. போட்டியாளர் இருவரும் ஒலி புகாத கண்ணாடிக் கூண்டுகளில் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு விடை தேடும் காட்சியை நாடே வியந்து பார்த்தது. அவ்வியர்வையும் தயக்கமும் ஒத்திகை பார்த்தவை என்பதை எவரும் அறியவில்லை.

பல வாரங்கள் வென்றுகொண்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவரைத் தோற்கும்படி நிகழ்ச்சி நடத்துவோர் கட்டளையிட்டனர். 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு எதற்கு என்பது அவரிடம் கேட்கப்பட்ட வினா. விடை, 'மார்ட்டி'. அஃது அவருக்கு மிகவும் பிடித்த படம். விடை நாவின் நுனியில் நிற்க, வேறொரு படத்தின் பெயரைச் சொல்லித் தோற்றார். அவரை வென்றவராகக் காட்டப்பட்டவர் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன். அழகும் குடிப்பெருமையும் கல்வியும் உடைய அவ்விளைஞரை நாடு கொண்டாடியது. அவர் ஈட்டிய தொகை 1,29,000 டாலர். விடைகள் தமக்கு முன்னரே தரப்பட்டன என்பதை 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பதவியும் தொலைக்காட்சிப் பணியும் அவரை விட்டுப் போயின. இத்தகைய போட்டிகளில் சூது செய்வதைக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் 1960-இல் நிறைவேறியது.

ஒரு விளையாட்டில் நடந்த ஏமாற்றுக்கு நாடாளுமன்றம் கூடி விசாரிக்க வேண்டுமா என நாம் எண்ணலாம். தோற்றது ஒருவர், வென்றது ஒருவர் என்பதோடு இது முடிவதன்று. உழைத்துப் படித்தவன் உயர்வான் என்ற நம்பிக்கையைத்தான் மக்கள் அக்கூண்டுகளில் கண்டனர். அந்நம்பிக்கை விலைபோனது என்பதே அவர்கள் அடைந்த வேதனை.

விடையின் மெய்ம்மையைப் பற்றிய மற்றொரு வழக்கும் சுவையானது. பிரெட் வொர்த் என்பவர் 1974-இல் சில்லறைச் செய்திகளின் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தம் நூலிலிருந்து பிறர் திருடினால் கண்டுபிடிக்க வேண்டுமென்று, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் 'பிலிப்' என்ற பொய்ச் செய்தி ஒன்றை நடுவே புதைத்துவைத்தார். கனடாவில் 1979-இல் உருவாகி, பின் உலகெங்கும் விற்பனையான 'டிரிவியல் பர்சூட்' என்னும் அட்டை விளையாட்டில் அந்தப் பொய் அப்படியே வந்து அமர்ந்தது. 1984-இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், தோற்றார். செய்தி என்பது எவருக்கும் தனிச் சொத்தன்று என்பது நீதிமன்றங்களின் முடிவு. தேடித் தொகுத்த உழைப்பு ஒருவருடையதாகலாம். தொகுக்கப்பட்ட உண்மை எல்லோருக்கும் பொது. பொது அறிவு என்ற சொல்லில் உள்ள 'பொது' என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் முறையான பொதுப் போட்டி முதலில் நடந்த ஊர் கல்கத்தா. 1967-ஆம் ஆண்டு அங்குள்ள கிறிஸ்து அரசர் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் அதனை நடத்தினார். ஆங்கிலோ இந்திய சமூகத்தைச் சேர்ந்த இவர் புத்தகப் பதிப்புத் துறையில் உயர் பதவி வகித்தவர், மேற்கு வங்கச் சட்டமன்றத்திலும், பின்னர் மக்களவையிலும் நியமன உறுப்பினராக இருந்தவர், 2016-இல் மறைந்தார். ஆங்கிலப் பள்ளிகளும், மனமகிழ் மன்றங்களும், பழைய புத்தகக் கடைகளும் நிறைந்த கல்கத்தாவில் இவ்விளையாட்டு விரைவில் பற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் மன்றங்கள் போட்டிகள் நடத்தின. தலைமுறை தலைமுறையாக அதில் ஈடுபடும் குடும்பங்களும் தோன்றின.

பள்ளி மாணவர்களுக்கான போர்ன்விட்டா வினாடி வினாப் போட்டி 1972-இல் தொடங்கி, நகரம் நகரமாகச் சென்று நடந்தது; பின் வானொலியில் இடம்பெற்றது. அதனை நடத்தியவர் ஹமீத் சயானி. அவர் 1975-இல் மறைந்த பின், அவருடைய தம்பியும் புகழ் பெற்ற வானொலிக் குரலுமாகிய அமீன் சயானி தொடர்ந்தார். 1990-களில் தொலைக்காட்சிக்கு வந்தபோது நீல் ஓ'பிரையனின் மகன் டெரிக் ஓ'பிரையன் நடத்தினார். இதற்கிடையில் 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'க்விஸ் டைம்', கல்லூரி மாணவர்களை நாடறியச் செய்தது. ஒரே ஒரு தொலைக்காட்சி மட்டும் இருந்த அந்நாளில், ஞாயிறன்று சமையலறையிலிருந்தபடியே விடை கூறிய தாய்மார்களும் அப்போட்டியில் பங்குகொண்டவர்களே.

பெங்களூரில் 1983-இல் கர்நாடக வினாடி வினாச் சங்கம் தோன்றியது. காலப்போக்கில் அங்கும், சென்னையிலும், பிற நகரங்களிலும் வினாத் தொடுக்கும் முறையே மாறியது. 'இது நடந்த ஆண்டு எது? இதன் தலைநகர் எது?' என்ற நேர் வினாக்கள் குறைந்தன. தெரிந்தவற்றை இணைத்து, தெரியாததைக் கண்டடையும் வினாக்கள் பெருகின.

ஓர் உதாரணம் காண்போம். மாணிக்கம் சிவப்பு, நீலக்கல் நீலம். ஆயினும் இவை இரண்டும் ஒரே கனிமத்தின் இரு வண்ணங்கள். வைரத்துக்கு அடுத்த கடினமுடைய அக்கனிமத்தை உலக அறிவியல் ஒரு தென்னிந்தியச் சொல்லால் அழைக்கிறது. அச்சொல் எது? கனிமவியல் படிக்காத ஒருவருக்கும் இங்கே வழி உண்டு. குருந்தக்கல் என்ற தமிழ்ச்சொல் காதில் விழுந்திருந்தால் போதும். 'கொரண்டம்' என்ற விடை தானே வரும். நினைவாற்றலுக்கு மட்டும் இருந்த மேடை, இவ்வாறு சிந்தனைக்கும் மேடையாயிற்று.

கதவு திறந்த காலம்

எனினும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நம் நாட்டின் பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆகவே பொது அறிவு என்பது நகரத்து ஆங்கிலப் பள்ளியின் அறிவாகவே நின்றது. மேலைநாட்டுப் பாடகர்களின் பெயரும், ஆங்கில நாவல்களின் முதல் வரியும் அறிந்தவர் அறிவாளி. காவிரியின் கிளையாறுகளை வரிசையாகச் சொல்பவரும், நெல்லின் பத்து வகைகளைக் கண்ணால் பார்த்தே பெயரிடுபவரும் அக்கணக்கில் சேரவில்லை.

2000-ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று 'கௌன் பனேகா குரோர்பதி' ஒளிபரப்பானபோது நிலை மாறியது. இங்கிலாந்தில் 1998-இல் தோன்றிய நிகழ்ச்சியின் இந்தி வடிவம் அது. அமிதாப் பச்சன் நடத்தினார். வினாவும் விடையும் இந்தியில் இருந்தன. நுழையத் தேவைப்பட்டது ஒரு தொலைபேசி மட்டுமே. விரைவில் தமிழில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வந்தது.

இந்தக் கதவின் வழியே யார் யார் வந்தனர் என்பதைக் காண்போம். பீகாரின் மோத்திஹாரி என்ற ஊர் வினாடி வினாக்காரர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். காந்தியடிகளின் 1917-ஆம் ஆண்டுச் சம்பாரண் சத்தியாக்கிரகத்தோடு தொடர்புடைய ஊர் அது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1903-இல் பிறந்த ஊரும் அதுவே. ஆனால் அவ்வூர் அதுவரை வினாவில்தான் இருந்தது. 2011-இல் அவ்வூர்க்காரரே விடை கூற வந்தார். ஊரக வேலைத் திட்டத்தில் கணினி இயக்குபவராக மாதம் 6,000 ரூபாய் ஊதியம் பெற்றுவந்த சுசீல் குமார், இந்தி நிகழ்ச்சியில் 5 கோடி ரூபாய் வென்றார்.

2020 ஜனவரியில், ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' என்னும் தமிழ் நிகழ்ச்சியில், கேட்கவும் பேசவும் இயலாத மதுரைப் பெண் ஒருவர் எல்லா வினாக்களுக்கும் விடையளித்து ஒரு கோடி ரூபாய் வென்றார். வானொலியால் வளர்ந்த ஒரு விளையாட்டில், ஒலியே கேளாத ஒருவர் உச்சியை எட்டினார் என்பதை எண்ணும்போது, இவ்வரலாறு எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பது புலனாகும். இவர்கள் வினாவின் தரத்தைத் தாழ்த்தி உள்ளே வரவில்லை. வினா, அவர்களுக்குப் புரியும் வடிவில் அவர்களிடம் சென்றது, அவ்வளவே.

பெரும்பரிசுப் போட்டிகளில் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவது சிந்தனையாகிவிடாது. விளம்பரத்துக்காக நீட்டும் மௌனமும், கண்ணீரை விலைகூறும் போக்கும் அங்கே உண்டு. ஆயினும் மொழி என்னும் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் மீண்டும் மூடுவது எளிதன்று.

நம் வீட்டுச் செல்வம்

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். மாதுங்காவிலும், கரோல் பாகிலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும், பெங்களூரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளை, பள்ளிப் போட்டிக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஆயத்தமாகிறது. வீட்டில் பேசும் தமிழ் அப்போட்டிக்குப் பயன்படாது என்று பெற்றோர் சிலர் கருதுகின்றனர். இது தவறான கணக்கு.

கடலில் விரைந்து செல்லும் இரட்டை உடற்படகை ஆங்கிலேயர் 'கட்டமரான்' என்கின்றனர். அது நம் கட்டுமரம். புகையிலைச் சுருளை 'செரூட்' என்கின்றனர். அது நம் சுருட்டு. பழைய ஆங்கிலேய விடுதிகளின் உணவுப் பட்டியலில் 'மல்லிகட்டானி' என்றொரு சூப்பு உண்டு. அது நம் வீட்டு மிளகுத்தண்ணீர். புத்தகம் கட்டுவோர் அட்டைமேல் ஒட்டும் 'காலிகோ' துணியின் பெயரோ, அண்டை நாடாகிய கேரளத்தின் கோழிக்கோட்டிலிருந்து வந்தது. தமிழும் தென்னாடும் அறிந்த பிள்ளைக்கு இவ்விடைகள் கையருகே கிடக்கின்றன. அறியாத பிள்ளை இவற்றை ஒவ்வொன்றாக நெட்டுருச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று மொழிகள் சந்திக்கும் வீடு ஒரு நல்ல முச்சந்தி. அங்கே வளரும் பிள்ளைக்கு வழிகள் குறைவதில்லை, கூடுகின்றன.

விடை தேடித் திரும்பிச் செல்ல நமக்கு நூல்களும் உண்டு. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியாலும், பெரியசாமித் தூரனின் தலைமைப் பதிப்பாலும் 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர்க் குழந்தைகளுக்கெனத் தனியே மற்றொரு களஞ்சியமும் வந்தது. அவற்றுள் பல செய்திகள் இன்று பழமையாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் எந்தத் துறையையும் தமிழில் சொல்ல முடியும் என்பதற்கு அத்தொகுதிகள் சான்றாக நிற்கின்றன; அது பழமையாவதில்லை.

விடைக்குப் பின் வரும் வினா

விடைகள் மாறும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது கோள் புளூட்டோ என்பது 2006 வரை சரியான விடை. அதன் பிறகு அன்று. எவரெஸ்டு சிகரத்தின் உயரம் எவ்வளவு? 1856-இல் அறிவித்த கணக்கு 29,002 அடி. நெடுங்காலம் நாம் படித்தது 8,848 மீட்டர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். எண்ணை மட்டும் மனத்தில் கொண்டவர் ஒவ்வொரு முறையும் தோற்பார். எவ்வாறு அளந்தனர் என்று கேட்டவர் தோற்பதில்லை.

அவ்வாறு கேட்டால் என்ன கிடைக்கும்? அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்டு என்ற பெயர் ஏன் வந்தது? ஜார்ஜ் எவரெஸ்டு, இந்திய நில அளவைத் துறையின் தலைவராக இருந்து 1843-இல் ஓய்வு பெற்றவர். அவர் அச்சிகரத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். அதுவே உலகின் உயரமான சிகரம் என்பதை 1852-இல் காட்டிய கணக்கில் பெரும்பங்கு வகித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1865-இல் பெயர் மட்டும் எவரெஸ்டுக்குச் சென்றது. சிக்தார் கணக்கிட்ட அளவை எங்கே தொடங்கியது? வில்லியம் லாம்டன் என்பவர் அதனை 1802-இல் தொடங்கினார். சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக வடக்கு நோக்கிச் சென்றனர். லாம்டன் 1823-இல் வழியிலேயே, இன்றைய மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் மறைந்தார். அவருடைய கல்லறை அங்கே உள்ளது. முதல் அடிக்கோடு அளந்த இடம் எது? சென்னையின் பரங்கிமலைப் பக்கம்!

உயரம் எத்தனை மீட்டர் என்ற ஓர் அறிவினா, நான்கே படிகளில் நம்மை இமயத்திலிருந்து பரங்கிமலைக்குக் கொண்டுவந்துவிட்டது. வழியில் கல்கத்தாவும் ஹிங்கன்காட்டும் வந்தன. நம்முள் பலரும் பிழைப்புக்காக வடக்கு நோக்கிச் சென்ற வழியும் ஏறக்குறைய இதுவே.

வினாடி வினாவின் பயன் இதில்தான் அடங்கியிருக்கிறது. கேட்பவர் நேர்மையாகக் கேட்க வேண்டும்; விடை மெய்யாக இருக்க வேண்டும்; வினா எந்த மொழிக்காரரையும் வாயிலில் நிறுத்தி வைக்கலாகாது. இம்மூன்றும் அமைந்தால், கேட்பவரின் அறிவினா கேட்டவர் நெஞ்சில் ஓர் அறியா வினாவை விதைக்கும். நம் பிள்ளைகள் போட்டியில் கோப்பை பெற்றுவந்தால் மகிழ்வோம். கோப்பை இன்றித் திரும்பி, 'அது ஏன் அப்படி?' என்று நம்மைத் தமிழில் கேட்டால், அதனினும் மகிழ்வோம். விடை நமக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. அவர்களோடு அமர்ந்து தேடுவோம்.